இரண்டு பேர் எழுதிய திரைக்கதை: மூன்று வெர்ஷன் முடிந்தபின் முதலிலிருந்து தொடங்கலாமா?

#1 கேணிக்கரை

வணக்கம் நண்பர்களே. இத்தனை நாள் இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்று எழுதியே ஆகவேண்டிய நிலைமை. நானும் என் நண்பனும் சேர்ந்து ஒரு திரைக்கதை எழுதுகிறோம், இரண்டரை வருடம் ஆகிறது. இருவரும் வெவ்வேறு இயக்குநர்களிடம் உதவியாக இருந்தவர்கள். படம் இல்லாத மாதங்களில் வடபழனியில் என் அறையில் உட்கார்ந்து எழுதியது இது.

கதை ரிக் வண்டியைப் பற்றியது, அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போட வடக்கே போகும் வண்டி, அதில் ட்ரில்லராக இருக்கும் அப்பா, படிப்பை விட்டுவிட்டு அதே வண்டியில் ஏறும் மகன். நண்பன் அந்த ஊர்க்காரன், அவன் அப்பா 20 வருடம் ரிக்கில் இருந்தவர். நான் தஞ்சாவூர்ப் பக்கம். கதை அவன் கொண்டுவந்தது, சீன் ஆர்டர் இருவரும் போட்டது, வசனம் முக்கால்வாசி நான்.

முதல் வெர்ஷனை ஒரு கம்பெனியில் சொன்னோம். வில்லன் எங்கே என்று கேட்டார்கள். இரண்டாவது வெர்ஷனில் மகாராஷ்டிராவில் ஒரு நிலத் தகராறு, அதற்கு ஒரு பெரிய மனிதர் என்று சேர்த்தோம். இன்னொரு இடத்தில் முதல் பாதி மெதுவாகப் போகிறது என்றார்கள். மூன்றாவதில் கடத்தல் வந்தது, இன்டர்வெல் பிளாக், அதாவது இடைவேளைக்கு முந்தைய பகுதி, நன்றாக உட்கார்ந்தது. இப்போது 118 பக்கம், 74 சீன், பைண்டிங் போட்டுத் தயாராக இருக்கிறது. அடுத்த மாதம் ஒருவரிடம் கதை சொல்ல நேரம் கிடைத்திருக்கிறது.

போன வாரம் டீக்கடையில் அவன் சொல்கிறான், "இதைத் திருத்த வேண்டாம்டா, மூடி வைத்துவிட்டு முதலிலிருந்து எழுதலாம்" என்று. எனக்கு அன்று இரவு தூக்கமே இல்லை. கோபமும் வருகிறது, அவன் சொல்வதில் ஏதோ உண்மை இருக்கிறது என்றும் தோன்றுகிறது. பார்ட்னரோடு எழுதியவர்கள் யாராவது இப்படி எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறீர்களா? திருத்தினால் போதுமா, முதலிலிருந்து தொடங்கித்தான் ஆகவேண்டுமா என்பதை எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

#2 சாலிகிராமம்_தெரு

நண்பரே, தயவுசெய்து செய்யாதீர்கள். கதை கேட்க ஒரு ஆள் நேரம் கொடுத்திருக்கிறார் என்பது இந்தத் தொழிலில் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். போய்ச் சொல்லுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். என் கண் முன்னால் ஒரு ஜோடி, நாலு வருடம் ஒரே கதையை மறுபடி மறுபடி முதலிலிருந்து எழுதி, கடைசியில் ஒருவன் ஊருக்குப் போய்விட்டான், மற்றவன் வேறு வேலைக்குப் போய்விட்டான். கதை அலமாரியில் கிடக்கிறது. முதலிலிருந்து என்ற வார்த்தைக்கே எனக்குப் பயம்.

#3 கூத்துக்காரி

கேணிக்கரை, ஒரு கேள்வி. உங்கள் நண்பர் டீக்கடையில் சொன்னது அந்த ஒரு வாக்கியம் மட்டுமா, காரணம் ஏதாவது சொன்னாரா? ஏனென்றால் முதலிலிருந்து என்று ஒருவர் சொன்னால் அதற்குள் வேறு வேறு அர்த்தம் இருக்கலாம். ஒன்லைனே, அதாவது ஒரு வரியில் சொல்லும் கதையே, தப்பு என்கிறாரா? ஒன்லைன் சரி, அதைச் சொல்லும் ஆள் தப்பு என்கிறாரா? இல்லை, அவருக்கு வெறும் அலுப்பா? அலுப்பு என்றால் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் சரியாகிவிடும்.

நான் மேடை நாடகத்துக்கு எழுதுகிறவள், மதுரையில் ஒரு குழுவோடு. எங்களிடமும் இதே பிரச்சினை வரும். ஒத்திகையில் ஒரு காட்சி விழுந்துகொண்டே இருந்தால் முதலில் வசனத்தை மாற்றுவோம், அப்புறம் நிற்கும் இடத்தை மாற்றுவோம், அப்புறம் நடிகரை. கடைசியில் பார்த்தால் அதற்கு மூன்று காட்சி முன்னால் அந்தப் பாத்திரம் எடுத்த முடிவே பொய்யாக இருக்கும். அடியில் பொய் இருக்கும்போது மேலே எவ்வளவு பூசினாலும் நிற்காது. அதனால்தான் கேட்கிறேன், அவர் எதைப் பொய் என்கிறார்?

#4 கேணிக்கரை

நன்றி அக்கா. அந்தக் கேள்வியை நான் அவனிடம் கேட்கவே இல்லை, கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன். நேற்று இரவு போன் செய்து கேட்டேன். அவன் ஒன்றுதான் சொன்னான்: "இதில் எங்கப்பா இல்லடா."

அவன் அப்பாவை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். ரிக்கின் கம்ப்ரசர் சத்தத்தில் காது பாதிக்கு மேல் போய்விட்டது அவருக்கு. நாம் பேசினால் வாயைத்தான் பார்ப்பார். வீட்டில் டிவி தெருமுனை வரை கேட்கும். அதிகம் பேசமாட்டார், பேசினால் சத்தமாக இருக்கும், அதனால் வெளியாட்கள் முன்னால் பேசவே கூச்சப்படுவார். முதல் வெர்ஷனில் ஒரு சீன் இருந்தது. மகாராஷ்டிராவில் விதர்பா பக்கம் ஒரு விவசாயியின் நிலம், ஆயிரம் அடி போட்டும் வெறும் புகைதான் வருகிறது. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் ரிக்குக்கு அடிக்கணக்குப் பணம் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அந்த விவசாயியின் மனைவி முந்தானையில் முடிந்த பணத்தை அவிழ்த்துக் கொடுக்கிறாள். அப்பா வாங்கி எண்ணுகிறார், மூன்று முறை எண்ணுகிறார், பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறுகிறார். மகன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் சீன். இது உண்மையாக நடந்தது, என் நண்பன் பதினேழு வயதில் விடுமுறைக்கு வண்டியில் போனபோது பார்த்தது.

மூன்றாவது வெர்ஷனில் அந்த சீன் இல்லை. அதற்குப் பதில் அப்பா அந்தப் பெரிய மனிதரை எதிர்த்து இரண்டு பக்கம் பேசுகிறார். அதுதான் இன்டர்வெல். அந்த இரண்டு பக்கமும் நான் எழுதியது, கதை கேட்டவர்கள் எல்லோரும் கை தட்டியது.

#5 பழைய_அசோசியேட்

தம்பி, உங்கள் நாலாவது பதிவைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவன் சாமுராய் (1954) என்ற ஜப்பானியப் படத்தை எழுதிய விதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் குரோசாவா, எழுத்தாளர்கள் ஷினோபு ஹஷிமோட்டோ, ஹிடெயோ ஒகுனி என்று மூன்று பேர். ஆனால் அவர்கள் முதலில் எழுத நினைத்தது அந்தக் கதையே இல்லை. ஒரு சாமுராயின், அதாவது அந்தக் காலத்து ஜப்பானிய வீரனின், ஒரே ஒரு நாள், காலையில் எழுந்ததிலிருந்து அன்று அவன் உயிரை மாய்த்துக்கொள்வது வரை, அதுதான் முதல் எண்ணம். ஹஷிமோட்டோ அதற்காக மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்தார். ஒரு சின்ன இடத்தில் வந்து நின்றது: அந்தக் காலத்து சாமுராய் வேலைக்குப் போன இடத்தில் மதியம் சாப்பிட்டானா, ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிட்டான் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. அது தெரியாமல் ஒரு நாளை எழுத முடியாது என்று கைவிட்டார்கள். சோற்று விஷயம்தானே, எதையாவது வைத்து எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

இரண்டாவது, பெயர்பெற்ற வாள்வீரர்கள் சிலரின் வாழ்க்கையை அடுத்தடுத்து வைத்து ஒரு படம். அதை ஹஷிமோட்டோ எழுதியே கொடுத்துவிட்டார். படித்துப் பார்த்தால் எல்லாமே உச்சக்கட்டம், ஒன்று முடிந்ததும் அடுத்த உச்சக்கட்டம், இப்படி ஒரு படம் நிற்காது என்று அதையும் விட்டார்கள். அப்புறம் பேச்சுவாக்கில், கையில் காசில்லாமல் ஊர் ஊராகப் போன வீரர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்ற கேள்வி வந்தது. ராத்திரி கொள்ளையர் வராமல் காவல் இருந்தால் கிராமத்தில் சோறும் படுக்க இடமும் கொடுப்பார்கள் என்று பதில் வந்தது. அங்கிருந்து பிறந்ததுதான் விவசாயிகள் சாமுராய்களை வேலைக்கு வைக்கும் கதை. கவனியுங்கள், முதல் கதையைக் கொன்றதும் சோறு, மூன்றாவது கதைக்கு உயிர் கொடுத்ததும் சோறு. அந்த முதல் தோல்வியின் ஆராய்ச்சி எதுவும் வீணாகவில்லை.

அப்புறம் அட்டாமி என்ற கடற்கரை ஊரில் ஒரு விடுதியில் மூவரும் உட்கார்ந்து ஒன்றரை மாதம் எழுதினார்கள். அவர்கள் முறை எனக்கு மிகவும் பிடித்தது. குரோசாவாவும் ஹஷிமோட்டோவும் ஒரே சீனைத் தனித்தனியாக எழுதுவார்கள். ஒகுனி எழுதமாட்டார், இரண்டையும் வாங்கிப் படித்து எது சரி, எது தப்பு என்று சொல்வார். பேனாவைத் தொடாத ஒருவர் நடுவில் இருந்தது அவர்களுக்குப் பெரிய பலம். இதே மூவரும் இக்கிரு (1952) படத்தை எழுதும்போது ஒகுனி சில நாள் தாமதமாக வந்தார். அதற்குள் மற்ற இருவரும் எழுதி வைத்திருந்ததைப் படித்துவிட்டு இது சரியாக வராது என்றார். குரோசாவாவுக்குக் கடுமையான கோபம், எழுதிய தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார்கள் என்று ஹஷிமோட்டோ தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தப் படத்தில் நாயகன் படம் முடிவதற்கு வெகு முன்னாலேயே இறந்துபோகிறார், மீதிப் படம் அவருடைய இழவு வீட்டில் நடக்கிறது. அந்த அமைப்பு ஒகுனி கொடுத்தது.

உங்கள் நண்பர் சொன்ன வாக்கியம் ஒகுனி சொல்லும் வகை வாக்கியம் தம்பி. தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

#6 தனிவழி

பழைய_அசோசியேட் அண்ணன் சொல்வது எல்லாம் சரி, எனக்கும் அந்தப் படங்கள் உயிர். ஆனால் அவர்களுக்கு விடுதி வாடகையைக் கம்பெனி கொடுத்தது. நம் ஆளுக்கு வடபழனி அறை வாடகையை யார் கொடுப்பது? 45 நாள் மூன்று பேர் எழுதுவதற்கு அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது, இங்கே கதை விவாதத்துக்கு டீயும் பஸ் காசும் கிடைத்தாலே அதிகம். முதலிலிருந்து எழுது என்று சொல்வது சுலபம், எழுதுகிறவன் வயிற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று. நான் முன்பு பார்ட்னரோடு எழுதினேன், இப்போது தனியாக எழுதுகிறேன். மறுபடி தொடங்கும்போது நஷ்டம் இருவருக்கும் ஒரே அளவு இல்லை. இதை யாரும் வெளியே சொல்வதில்லை. இந்தக் கதையில் பாருங்கள், அப்பா நண்பருடையவர், அந்த ஊர் நண்பருடையது, அந்த ரிக் நண்பருடையது. முதலிலிருந்து எழுதினால் அவை எல்லாம் அப்படியே இருக்கும். போவது எது? கேணிக்கரை எழுதிய வசனம். அந்த இரண்டு பக்கம். காது கேட்காத, பேசக் கூச்சப்படும் அப்பா என்று வந்துவிட்டால் அந்த இன்டர்வெல் பேச்சுக்கு இடமே இல்லை. கேணிக்கரைக்குத் தூக்கம் வராததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

#7 கேணிக்கரை

தப்பில்லை.

#8 எடிட்மேசை

நான் எழுத்தாளன் இல்லை, எடிட்டர். 14 வருடமாக மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

ஒரு படம் மூன்று மணி நேரம் இருக்கிறது, நீளம் என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்று வையுங்கள். சாதாரணமாக என்ன செய்வோம்? இங்கே நாலு ஷாட், அங்கே இரண்டு வரி என்று வெட்டுவோம். இரண்டரைக்கு வந்துவிடும். ஆனால் பார்த்தால் இன்னும் நீளமாகத்தான் தெரியும். ஏனென்றால் ஒவ்வொரு சீனும் முன்பு இருந்த கட்டின் நிழலிலேயே நிற்கிறது. அந்த மாதிரி சமயத்தில் சில சீன்களை மட்டும் ரஷ்ஷிலிருந்து, அதாவது வெட்டாத மூல ஃபுட்டேஜிலிருந்து, மறுபடி கட் செய்வேன். பழைய டைம்லைனைத் திறக்கவே மாட்டேன். அதே ஃபுட்டேஜ்தான், ஆனால் முதல் தடவை கண்ணில் படாத ஒரு ரியாக்‌ஷன் ஷாட் அப்போதுதான் கண்ணில் படும். திருத்துவதற்கும் மறுபடி கட்டுவதற்கும் நான் பார்க்கிற வித்தியாசம் இதுதான். திருத்தும்போது ஏற்கெனவே இருப்பதை வைக்கலாமா எடுக்கலாமா என்று கேட்போம், மறுபடி கட்டும்போது எது வேண்டும் என்று கேட்போம்.

படம் எடுத்து முடித்த பிறகுகூட இது நடந்திருக்கிறது. பில்லி வைல்டர், சார்லஸ் பிராக்கெட், டி.எம். மார்ஷ்மன் ஜூனியர் மூவரும் சேர்ந்து எழுதிய சன்செட் புலவார்ட் (1950) என்ற ஹாலிவுட் படத்துக்கு முதலில் வேறு தொடக்கம். பிணவறையில் பிணங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், இறந்துபோன நாயகன் தன் கதையைச் சொல்வான். எடுத்தே விட்டார்கள். முன்னோட்டக் காட்சியில் ஜனங்கள் சிரித்துவிட்டார்கள், சிரிக்க வேண்டிய படம் இல்லை அது. அந்தத் தொடக்கம் முழுவதையும் தூக்கிவிட்டு, நீச்சல் குளத்தில் மிதக்கும் பிணத்தில் தொடங்கினார்கள். ஒரு விஷயம் கவனியுங்கள். இறந்தவன் கதை சொல்கிறான் என்ற எண்ணம் போகவில்லை, அது எங்கே உட்கார வேண்டும் என்பதுதான் மாறியது.

அதனால் என் கருத்து: முழுவதையும் தூக்கிப் போடாதீர்கள். 1 முதல் 20 சீன் வரை மட்டும் புதிதாக எழுதிப் பாருங்கள். அது பழையதைவிட நன்றாக இருந்தால் மீதியை யோசிக்கலாம்.

#9 சாலிகிராமம்_தெரு

எடிட்டர் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. 20 சீன் என்றால் நானும் ஒத்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் கதை சொல்லும் நரேஷன் கைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும்.

#10 கூத்துக்காரி

20 சீன் கணக்கில் எனக்கு ஒரு சங்கடம். புதிய 20 சீனின் அப்பா பேசாதவர், பழைய 54 சீனின் அப்பா பேசுகிறவர். அந்த ஒட்டு தெரியும். பிறகு அந்த ஒட்டை மறைக்க ஒரு சீன் எழுதுவீர்கள், அப்பா ஏன் திடீரென்று பேசினார் என்று விளக்க. அந்த விளக்க சீன்தான் படத்தின் மோசமான சீனாக இருக்கும், நான் இதை அனுபவித்திருக்கிறேன்.

தொடங்குவது என்று முடிவெடுத்தால் எங்கள் குழுவில் செய்யும் ஒரு வழி சொல்கிறேன். பிரதியை எல்லோரிடமிருந்தும் வாங்கி ஒரு பெட்டியில் பூட்டிவிடுவோம். ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து, நாடகத்தில் என்ன நடக்கிறது என்பதை நினைவிலிருந்து மட்டும் எழுத வேண்டும். ஆளுக்கு ஒரு மணி நேரம், பேசிக்கொள்ளக் கூடாது. அப்புறம் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துப் பார்ப்போம். எல்லோருக்கும் நினைவிருந்த காட்சிகள் எவை, ஒருவருக்கு மட்டும் நினைவிருந்தவை எவை, யாருக்கும் நினைவில்லாதவை எவை. அந்தத் தரையைப் பார்த்தால் சண்டை பாதி குறைந்துவிடும், ஏனென்றால் உன் காட்சி வேண்டாம் என்று யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

#11 தனிவழி

நல்ல வழிதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. நினைவில் நிற்பது எல்லாம் நல்ல சீன் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சத்தமான சீன் நினைவில் நிற்கும். கை தட்டல் வாங்கிய சீன் நிற்கும். கதையைத் தாங்கும் சின்ன சீன், ஒரு ஆள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிற மாதிரி ஒன்று, யாருக்கும் நினைவிருக்காது, ஆனால் எடுத்துவிட்டால் அடுத்த சீன் விழும். அதனால் புதியதை எழுதி முடித்த பிறகு பழைய பிரதியை ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும். எழுதும்போது பார்க்கக் கூடாது, முடித்தபின் பார்க்காமல் விடவும் கூடாது.

#12 பழைய_அசோசியேட்

தனிவழி சொன்ன வயிற்று விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை, அது உண்மை. ஆனால் நஷ்டம் சமமில்லை என்று சொன்னீர்களே, அதுதான் இந்த இழையின் நடு மையம் என்று எனக்குப் படுகிறது. அதற்கு நான் பார்த்த ஒரு மருந்து, எதையும் காரணம் கேட்காமல் நிராகரிக்கும் உரிமை இருவருக்கும் இருப்பது. இயக்குநர் லூயி புனுவலும் எழுத்தாளர் ழான்-க்ளோத் காரியேரும் அப்படித்தான் எழுதினார்கள். ஒருவர் ஒரு யோசனை சொன்னால் மற்றவர் உடனே, யோசிக்க நேரம் எடுக்காமல், ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். இல்லை என்றால் அந்த யோசனை அங்கேயே முடிந்தது, அதற்காக வாதாடக் கூடாது. தி டிஸ்க்ரீட் சார்ம் ஆஃப் தி பூர்ஷ்வாஸி (1972) படத்துக்கு இப்படி ஐந்து வெர்ஷன் எழுதினார்கள். இத்தனைக்கும் அதற்கு முன்பே பல படம் சேர்ந்து எழுதியவர்கள் இருவரும். ஒரு விருந்து, சாப்பிட உட்காருகிறார்கள், ஏதாவது வந்து தடுத்துவிடுகிறது, இதுதான் அந்தப் படம். இவ்வளவு எளிதாகச் சொல்லக்கூடிய கதைக்கு ஐந்து தடவை.

உங்கள் நண்பர் இன்டர்வெல் பேச்சு வேண்டாம் என்று சொல்லலாம் என்றால், நீங்களும் அவருடைய அப்பாவைப் பற்றி ஒன்று வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்க வேண்டும். அது என் சொந்த அப்பா, உனக்குத் தெரியாது என்று அவர் சொல்லக் கூடாது. அந்த ஒப்பந்தம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

#13 எடிட்மேசை

ஒப்பந்தம் என்று வந்துவிட்டதால், காகித ஒப்பந்தத்தையும் சொல்லிவிடுகிறேன். நட்பு இருக்கும்போதே எழுதிவிட வேண்டியது அது. கதை, திரைக்கதை, வசனம் மூன்றுக்கும் யார் பெயர், எந்த வரிசையில், பணம் எப்படிப் பிரியும், நடுவில் ஒருவர் விலகினால் அதுவரை எழுதியதை மற்றவர் பயன்படுத்தலாமா. ஒரு பக்கம் போதும், இருவர் கையெழுத்து. புதிய வெர்ஷன் முடிந்ததும் எழுத்தாளர் சங்கத்தில் இருவர் பெயரிலும் மறுபடி பதிவு செய்யுங்கள், பழைய பதிவு புதிய திரைக்கதையைக் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள்.

அமெரிக்காவில் இதற்கு டைட்டிலிலேயே ஒரு அடையாளம் வைத்திருக்கிறார்கள். அங்குள்ள எழுத்தாளர் சங்க விதிப்படி இரண்டு பெயருக்கு நடுவில் & குறி இருந்தால் இருவரும் அணியாகச் சேர்ந்து எழுதியவர்கள், அந்தக் குறிக்குப் பதில் 'அண்ட்' என்ற சொல் எழுத்தில் இருந்தால் தனித்தனியாக வேலை செய்தவர்கள். அணி என்றால் ஒரு எழுத்தாளருக்கான பங்கைத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

#14 சாலிகிராமம்_தெரு

பெயர் விஷயத்தில் நமக்கு இந்தி சினிமாவின் எழுத்தாளர் ஜோடி சலீம்-ஜாவேத் போதும். அவர்கள் எழுதிய சஞ்சீர் (1973) இங்கே சிரித்து வாழ வேண்டும் ஆனது, டான் (1978) பில்லா ஆனது, தீவார் (1975) தீ ஆனது. போஸ்டரில் எழுத்தாளர் பெயர் இல்லாத காலத்தில், சஞ்சீர் போஸ்டர்கள் மேல் ஆள் வைத்துத் தங்கள் பெயரைப் பெயின்ட்டில் எழுத வைத்தார்கள். அப்படிப்பட்டவர்களே 80களின் தொடக்கத்தில் பிரிந்துவிட்டார்கள். நம் பக்கத்தில் சுரேஷ், பாலகிருஷ்ணன் இருவரும் சுபா என்ற ஒரே பெயரில் நாவல் எழுதி, இயக்குநர் கே.வி. ஆனந்தோடு அயன் (2009), கோ (2011) என்று சினிமாவிலும் எழுதினார்கள். ஒரே பெயர் என்பதால் இந்த வரி யாருடையது என்று வாசகன் கேட்கவே முடியாது. அது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

கேணிக்கரை, நான் முதலில் எழுதியது பயத்தில் எழுதியது. உங்கள் நாலாவது பதிவின் அந்தப் பணம் எண்ணும் சீன் மனதை விட்டுப் போகவில்லை. மூன்று முறை எண்ணுகிறார் என்றீர்களே, பணம் குறைவாக இருந்ததா, இல்லை வாங்க மனமில்லாமல் எண்ணினாரா என்று நேற்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். கடத்தல் சீனைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

#15 கேணிக்கரை

16 நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள், எழுதிக்கொண்டிருந்தோம்.

நரேஷன் தேதியை நாங்களே போன் செய்து தள்ளி வைத்தோம். அவர் எழுதி முடித்துவிட்டு வாருங்கள் என்றார், கோபப்படவில்லை. மறுபடி கேட்பாரா மாட்டாரா என்பது அப்புறம்.

கூத்துக்காரி அக்கா சொன்னபடி பைண்டிங் போட்ட பிரதிகள் இரண்டையும் என் வீட்டு ஓனர் அம்மாவிடம் கொடுத்து, ஒரு மாதம் கேட்டாலும் தராதீர்கள் என்று சொன்னோம். அவர்கள் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அப்புறம் நான் அறையிலும் அவன் மொட்டை மாடியிலும் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினோம். 74 சீனில் எனக்கு 23 நினைவிருந்தது, அவனுக்கு 19. இருவருக்கும் பொதுவாக 9. அந்த ஒன்பதில் கடத்தல் இல்லை, பெரிய மனிதர் இல்லை. இன்டர்வெல் பேச்சு என் பட்டியலில் இருந்தது, அவன் பட்டியலில் இல்லை. அதை நான் எதிர்பார்த்தேன், இருந்தாலும் பார்த்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. எதிர்பார்க்காதது வேறு. பணம் எண்ணும் சீன் இருவர் பட்டியலிலும் இருந்தது. அது இப்போதைய வெர்ஷனிலேயே இல்லாத சீன், நாங்கள் வெட்டியே ஒன்றரை வருடம் ஆகிறது, எழுதும்போது இருவருக்குமே அது வெட்டப்பட்ட சீன் என்று தோன்றவில்லை.

தனிவழி அண்ணா, நஷ்டம் சமமில்லை என்று நீங்கள் எழுதியதை அவனிடம் அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அவன் சொன்னான், அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் தன் அப்பா இப்படி ஒரு நாளாவது பேசியிருக்கக் கூடாதா என்று தோன்றும் என்றும், அதனால்தான் இத்தனை நாள் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை என்றும். இரண்டரை வருடத்தில் இதை அவன் என்னிடம் சொன்னதே இல்லை.

நிராகரிக்கும் உரிமையை எழுதி சுவரில் ஒட்டியிருக்கிறோம். மூன்றாம் நாளே நான் பயன்படுத்தினேன். அவன் அப்பாவை ஒவ்வொரு சீனிலும் நல்லவராகவே எழுதிக்கொண்டு போனான். விவசாயியிடம் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி ஒரு சீன். இல்லை என்றேன். உண்மையில் திருப்பிக் கொடுத்தாரா என்று கேட்க வாய் வந்தது, விதிப்படி காரணம் பேசக் கூடாது என்பதால் கேட்கவில்லை. அவன் எழுந்து வெளியே போய்விட்டான். ஒரு மணி நேரம் கழித்து வந்து அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். அவன் கீழே போய் அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறான். அம்மா சொன்னாராம், அந்த மாதம் இவனுடைய காலேஜ் பீஸ் கட்ட அந்தப் பணம்தான் வந்தது என்று. அது இவனுக்கே தெரியாது. இப்போது கதையின் இரண்டாம் பாதி முழுவதும் அந்த ஒரு வரியிலிருந்து வருகிறது.

வசனம் மிகவும் குறைந்துவிட்டது. அப்பா காது கேட்காதவர் என்பதால் மகன் அவரிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் கம்ப்ரசர் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும், துளையிடும் ராடு மாற்றும் அந்தச் சின்ன இடைவெளியில் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியதை அதற்குள் சொல்லி முடிக்க முடியாது. மறுபடி சத்தம் வந்துவிடும், மீதி அடுத்த ராடுக்கு. அப்படி ஒரு சண்டையையே எழுதினேன், மொத்தம் ஆறு வரிதான், எழுத நாலு நாள் ஆனது. நான் இதுவரை எழுதிய வசனத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். எடிட்மேசை சார், இதை வெட்டும்போது சத்தம் நிற்கும் இடம் எப்படி வரும் என்று உங்களிடம் ஒரு நாள் பேச வேண்டும்.

இதுவரை 31 பக்கம். பழைய பிரதியை இன்னும் திறக்கவில்லை, முடித்தபின் நிச்சயம் திறப்போம். கையெழுத்துப் போட்ட தாளும் தயார், கதை அவன், திரைக்கதை இருவர், வசனம் நான்.

இப்போது ஒரு உதவி வேண்டும். 90களில் ரிக் வண்டியோடு வடக்கே போனவர்கள் வழியில் எப்படிச் சமைத்தார்கள், யார் சமைத்தது, அரிசி ஊரிலிருந்தே கொண்டுபோனார்களா என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அவன் அப்பாவிடம் கேட்டால் ஏதோ சாப்பிட்டோம் என்று மட்டும் சொல்கிறார்.

#16 பழைய_அசோசியேட்

கடைசியில் நீங்களும் சோற்றில்தான் வந்து நிற்கிறீர்கள் தம்பி. மிகவும் சந்தோஷம். விசாரித்துச் சொல்கிறேன்.

#17 கொல்லிமலைக்காரன்

இந்த இழையை நேற்றுதான் பார்த்தேன், முழுவதும் படித்தேன். என் பெரிய மாமா ரிக்கில் ஹெல்பராகச் சேர்ந்து சமையல் ஆளாகவே பத்து வருடம் இருந்தவர். ராஜஸ்தான் வரை போயிருக்கிறார், இப்போது நாமக்கல்லில்தான் இருக்கிறார். நன்றாகப் பேசுவார். மதியம் மூன்று மணிக்கு மேல் போன் செய்தால் எடுப்பார், அதற்கு முன் மாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் கேட்டுவிட்டு எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள், அவருக்கும் காது மந்தம்.